வெளிய என்ன தெரியுது?

‘மாட்டேன்’ என்பவர்களைச் ‘சரி’ என்று சொல்ல வைப்பது என் வேலை. விசிட்டிங் கார்டில் ‘மாற்ற மேலாளர் கோதண்டம்’ என்று இருக்கும். என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, “முதல்ல பாத்ரூம் பல்பை மாத்துங்க” என்றாள். ஏழு மாதமாகிறது. இருட்டில் குளிக்கப் பழகிக்கொண்டோம். மாற்றம் என்றால் மனிதர்கள் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளிருந்தே தெரியும். அந்தத் தகுதிக்காகத்தான் உச்சி லிஃப்ட்ஸ் என்னை வேலைக்கு எடுத்தது என்று நம்புகிறேன்.

சென்னையில் இரண்டாயிரத்து முன்னூறு லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. ரிஜிஸ்டரும் கார்பன் பேப்பரும் போனுமாக ஓடிக்கொண்டிருந்ததை ஒரே செயலிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எம்.டி. ஸ்ரீவத்சன் முடிவு செய்தார். ஊழியர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் இருநூற்றுப் பதினொரு பேர் ஆளுக்கொரு புது போனுக்கும், ஒரு மட்டன் பிரியாணிக்கும், என்னுடைய இரண்டு பழைய ஜோக்குகளுக்கும் மசிந்தார்கள். மிச்சம் எஸ்தர் கமலா.

எல்லோருக்கும் எஸ்தர் அக்கா. கண்ட்ரோல் ரூமில் பத்தொன்பது வருடம். லிஃப்டுக்கு அடியில், தரைக்கும் கீழே, ஒரு பள்ளம் உண்டு. பிட் என்பார்கள். மெக்கானிக் அதில் இறங்குவதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்வான்; அவர் இங்கிருந்தே அந்த லிஃப்டைப் பூட்டிவிடுவார். பிட்டுக்குள்ளேயே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கத்தான் செய்கிறது. முப்பது வருட லிஃப்டில் அது வேலை செய்தால் அவன் செய்த புண்ணியம். வேலை முடிந்ததும் மறுபடி போன். “முடிஞ்சுதுக்கா” என்பான். உடனே பூட்டைத் திறந்துவிட வேண்டியதுதானே? மாட்டார். ஒரு கேள்வி கேட்பார்.

“வெளிய என்ன தெரியுது?”

“ஒரு பொண்ணு ஸ்கூட்டியைப் போட்டு உதைச்சிட்டிருக்குக்கா. ஸ்டார்ட்டே ஆவல.”

“வாட்ச்மேன் மாம்பழம் சாப்புடறாரு. எனக்கு ஒரு துண்டு குடுக்கல.”

இப்படி ஏதாவது பதில் வந்தால்தான் திறப்பார். ஒரு போனுக்கு நாற்பது நொடி, நாளைக்கு முன்னூறு போன். மூன்று மணி இருபது நிமிடம் மாம்பழத்திலும் ஸ்கூட்டியிலும் போகிறது என்று கணக்குப் போட்டு, வட்டமாக வண்ணப்படம் வரைந்து எம்.டி.யிடம் காட்டியவன் நான்தான். படம் நன்றாக வந்திருந்தது.

புது முறையில் மெக்கானிக்கின் ஹெல்மெட்டிலேயே சென்சார், மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கும். ஹெல்மெட் பிட்டுக்குள் போனால் லிஃப்ட் தானாகப் பூட்டிக்கொள்ளும். மேலே வந்தால் தானாகத் திறந்துகொள்ளும். அக்காவின் கேள்வி கிடையாது.

அக்கா மாட்டேன் என்றார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, மாட்டேன் என்றார்.

அப்போதுதான் எம்.டி. ‘ஒத்திகை’யை வாங்கினார். அதை எனக்கு விளக்கியது நித்திலா, எங்கள் மென்பொருள்காரி.

“எஸ்தர் அக்காவோட பத்தொன்பது வருஷ கால் ரெக்கார்டிங் நம்மகிட்ட இருக்கு சார். அதையெல்லாம் குடுத்தா அவங்க மாதிரியே யோசிக்கிற ஒரு நிழலை இது உண்டாக்கும். நீங்க அவங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி, இது நிழல்கிட்ட பேசிப் பார்க்கும். விதவிதமா, ஆயிரக்கணக்கான தடவை. எந்த வரியைச் சொன்னா நிழல் ‘சரி’ங்குதோ, அந்த வரியை உங்க போனுக்கு அனுப்பிடும்.”

“அந்த நிழலுக்கு வலிக்குமா?”

“ஜோக்கா சார்?”

“பாதி” என்றேன்.

முதலில் நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். எம்.டி. என் தோளில் கை வைத்தார். “நீங்க செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்வான் கோதண்டம். அவனுக்கு உங்க அளவுக்கு மனசு இருக்காது.” என் மனசை யாரும் அதுவரை அப்படிப் புகழ்ந்ததில்லை. வீட்டில்கூட. சரி என்றேன்.

எஸ்தர் அக்காவின் நிழல் பதினோராயிரத்து நானூற்று ஆறு தடவை ‘இல்லை’ என்றது. அடுத்த தடவை ‘சரி’ என்றது. வரி என் போனுக்கு வந்தபோது நான் கண்ட்ரோல் ரூமில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

“சார், நான் ஒண்ணு சொல்லவா? அந்த ஹெல்மெட்டு இருக்குல்ல…” என்று அவர் ஆரம்பித்தார்.

மருந்துச் சீட்டைப் படிப்பவன் மாதிரி நான் போனைப் பார்த்துப் படித்தேன். “அக்கா, அன்னிக்கு லைன்ல உங்களுக்குப் பதிலா மிஷின் இருந்திருந்தா, ரூபன் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்.”

ரூபன் யார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அக்கா வாயை மூடினார். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, அதன் கொக்கியில் மாட்டினார். “எங்க சார் கையெழுத்து?” என்றார். ஏழு பக்கம். எதையும் படிக்கவில்லை. நாலாம் பக்கத்தில் குரல் உரிமை இருந்தது.

அவரை அம்பத்தூர் குடோனுக்கு மாற்றினார்கள். செயலி ஓடத் தொடங்கியது. மேலே வந்ததும் ‘முடிஞ்சுதா?’ என்று கேட்கும் அதன் தகரக்குரல் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை முறைத்தார்கள். மீட்டிங்கில் நான், “பேசாம அக்கா குரல்லயே பேச வெச்சிடுங்களேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். எம்.டி. சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். என் வாழ்நாள் ஜோக்குகளில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

ஜனவரியிலிருந்து ஹெல்மெட்டுகள் எஸ்தர் அக்கா குரலில் பேசின. குரலுக்குப் பின்னால் இருந்தது ஒத்திகை உண்டாக்கிய அதே நிழல்; அந்தக் கேள்வியை மட்டும் அதிலிருந்து அழித்திருந்தார்கள். “முடிஞ்சுதா? சரி.” அவ்வளவுதான். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டாலும் முடிந்ததாக எடுத்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிடும். நான்கு மாதம் எல்லாம் சுகம். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

மே மாதம், கத்திரி வெயிலின் மூன்றாம் நாள். மதியம் சாப்பிட முகப்பேரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். ஏழாவது மாடி. லிஃப்ட் பூட்டிக் கிடந்தது. எனக்கு இடது முழங்காலில் ஜவ்வு தேய்ந்துவிட்டது; ஏழு மாடி என்பது எனக்கு ஒரு யாத்திரை. அசோசியேஷன் செக்ரட்டரி மார்பில் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

“ஒரு மணி நேரமா இப்படியே நிக்குது. உங்க கம்பெனி லிஃப்டு சார். நீங்களே ஏறிப் போய்க் காட்டுங்க, நாங்க கைதட்டறோம்.”

அதற்குள் போன். எம்.டி.

“கோதண்டம், பதினோரு இடத்துல லிஃப்ட் லாக் ஆகி நிக்குது. ஹெல்மெட் எல்லாம் மேல வந்தாச்சு, சென்சார் காட்டுது. ஆனா குரல் திறக்க மாட்டேங்குது. என்னமோ கேள்வி கேட்டுட்டே இருக்காம்.”

“என்ன கேள்வி?”

“அது எதுக்கு இப்ப? அந்த நிழல்மேலயே மறுபடி ஒத்திகையை ஓட்டிட்டோம். வரி கிடைச்சாச்சு. உங்க போனுக்கு வருது. நீங்க ஓகே பண்ணா பதினொண்ணும் ஒரே நேரத்துல திறந்துடும். விதிப்படி ஓகே உங்க கையால வரணும், அவ்வளவுதான்.”

வந்தது. இந்தத் தடவை எழுத்தாக இல்லை, குரலாக. தட்டினேன். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் மூச்சு வாங்கப் பேசினான்.

“அக்கா, ரூபன் பேசறேன். வெளிய வந்துட்டேன்க்கா. தெருவுல ஒரே வெயிலு.”

பழைய ரெக்கார்டிங்கிலிருந்து செய்தது. பட்டப்பகலில், செக்ரட்டரி பக்கத்தில் நிற்க, என் கை மயிர் எழுந்து நின்றது. செத்தவனை வெளியே வரவைத்து அக்காவின் நிழலை ஏமாற்றுகிறார்கள் என்று புரிந்தது. புரிந்தும், முழங்கால் வலித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. பெருவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே போய்விட்டது.

“வெளிய என்ன தெரியுது?”

எஸ்தர் அக்கா குரல். எனக்கு வலப்பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து. திரும்பினேன். லிஃப்ட் கதவின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை.

“இப்படித்தான் பத்து நொடிக்கு ஒரு தடவை கேக்குது. நான் கூட பதில் சொல்லிப் பார்த்தேன், ‘அசோசியேஷன் செக்ரட்டரி தெரியறார்’னு. ‘மெக்கானிக் எங்க’ன்னுது. ஹெல்மெட்டுக்கு என்ன திமிர் பாருங்க” என்றார் அவர்.

“வெளிய என்ன தெரியுது?”

நான் குனிந்து, அந்த ஹெல்மெட்டுக்குள் பார்த்துப் பேசினேன். தலையில்லாத ஹெல்மெட்டிடம் பேசுவது எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

“ஹெல்மெட் தெரியுதுக்கா. ஆள் தெரியல.”

 “அப்ப திறக்காதீங்க” என்றது. ரொம்ப மெதுவாக.

கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன். “உள்ள யாரு?”

கீழே, இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஜாபரு சார்! ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு! இன்னும் அஞ்சு நிமிஷம் சார்!”

என் பெருவிரலை இன்னொரு கையால் பிடித்து அப்பால் எடுத்தேன். மிகையாகச் சொல்லவில்லை.

ஐந்து நிமிடத்தில் ஜாபர் மேலே வந்தார். முகமெல்லாம் கிரீஸும் வியர்வையும். ஐம்பது வயதிருக்கும்.

“ஹெல்மெட்டை ஏன்யா வெளிய மாட்டினீங்க?”

“உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்குத்தான் சார்! கைப்பிடியில ஹெல்மெட் தொங்கினா எவனும் கதவைத் தொட மாட்டான். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் மாட்டுவோம். குளிர்காலத்துல நீங்க சொன்னீங்கன்னு போட்டுட்டே இறங்கினோம். இந்த வெயில்ல அதைப் போட்டுட்டு பிட்டுல நிக்க முடியுமா? இறங்கி லாக் ஆனதும் கழட்டி மேல மாட்டிட்டோம்.” பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “என்ன சார் ஆச்சு? தண்ணி குடிங்க.”

உள்ளே ஆள் இருக்கிறான் என்று சொல்ல அவர்கள் இத்தனை காலமும் வெளியே தொங்கவிட்ட பொருள். அதிலேதான் நாங்கள், ஆள் வெளியே வந்துவிட்டான் என்று சொல்லும் சென்சாரை வைத்திருந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிரியாணி போட்டவன் ஒரு ஆளிடமாவது கேட்டிருக்கலாம்.

எம்.டி.க்குப் போன் செய்து சொன்னேன். பதினோரு இடத்திலும் விசாரித்தார்கள். ஒன்பது இடத்தில் ஆட்கள் பிட்டுக்குள் இருந்தார்கள். இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

ஏழு மாடியும் ஏறாமல், சாப்பிடாமல், நேரே நித்திலாவிடம் போனேன்.

“அந்தக் கேள்வியை யார் திரும்பப் போட்டது?”

“யாரும் போடல சார்.” அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நிழல் தானா வேலை செய்யாது. ஒவ்வொரு காலுக்கும் புதுசா ஒரு நகலை எழுப்பறோம். எழுந்ததும் அது அக்கா மாதிரியே ‘மாட்டேன்’ங்கும். அதனால முதல்ல நீங்க சொன்ன அந்த வரியைச் சொல்லுவோம். அதைக் கேட்டாத்தான் ‘சரி’ன்னு வேலைக்கு ஒத்துக்கும்.”

“ரூபன் வரியா?”

“ஆமா சார். உங்க குரல்லதான். அன்னிக்கு கண்ட்ரோல் ரூம்ல ரெக்கார்ட் ஆனது.”

“ஒவ்வொரு காலுக்குமா?”

“நாளைக்கு முன்னூறு தடவை.”

நான் உட்கார்ந்தேன்.

“பழைய கால் எல்லாம் இப்பதான் தேடிக் கேட்டுப் பார்த்தேன் சார்” என்றாள். “ரூபன் சாகறதுக்கு முன்னாடி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்ல. அவன் செத்ததுக்கு அப்புறம் வந்த முதல் கால்லதான் ஆரம்பிச்சாங்க. நாம அந்தக் கேள்வியை அழிச்சிட்டோம். ஆனா ரூபன் செத்ததை முன்னூறு தடவை சொல்லிட்டே இருக்கோம். அதைக் கேக்கற அக்கா வேற என்ன செய்வாங்க? பதில் வராத கால் வந்ததும் இதுவும் அதேதான் செஞ்சிருக்கு.”

“நிழல் பதினோராயிரம் தடவை இல்லைன்னுச்சே. அப்ப என்ன காரணம் சொல்லுச்சு?”

“காரணத்தை ஒத்திகை சேமிக்கும். யாரும் படிக்கறதில்ல. ‘சரி’ வந்த வரி மட்டும்தான் வெளிய வரும்.” அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். முதல் ‘இல்லை’க்குக் கீழே இப்படி இருந்தது: ‘பசங்க ஹெல்மெட்டை வெளிய மாட்டிட்டு இறங்குவாங்க சார். அதை நம்பாதீங்க.’ இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவதிலும். நான் ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் எம்.டி. பூங்கொத்தோடு வந்தார். “கோதண்டம், ஒன்பது உயிரைக் காப்பாத்தியிருக்கோம்!” அந்தக் குரல் அற்புதம், அந்த வரியில் எழுப்புவதால்தான் அதற்கு அவ்வளவு எச்சரிக்கை, அதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இன்னும் நான்கு ஊர்களில் பெரிய ஒப்பந்தங்கள் வருகின்றன. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் கால். எஸ்தர் கமலாவிடம் சம்மதம் வாங்கியவன் நான் என்பதால், விரிவாக்கத்துக்கும் என் கையெழுத்து ஒன்று வேண்டும்.

நான் அம்பத்தூருக்குப் போனேன்.

குடோனில் அக்கா ரப்பர் வாஷர்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஜோக் அடிக்க இரண்டு இடம் இருந்தது. அடிக்கவில்லை.

“முடிஞ்சுது, வெளிய வந்துட்டேன்க்கான்னான் சார் ரூபன்” என்றார் அவர், வாஷரைப் பார்த்துக்கொண்டே. “நான் திறந்துட்டேன். ஸ்பேனரை விட்டுட்டேன்னு மறுபடியும் இறங்கியிருக்கான். இருபத்தாறு வயசு. வாட்ச்மேன்மேல தப்புன்னு எழுதிட்டாங்க. நான் வாயே திறக்கல. அதுலேர்ந்துதான் அந்தக் கேள்வி. வெளிய நிக்கறவன் எதையாவது பார்த்துத்தானே ஆகணும்?”

“நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா.”

“எனக்கு ஒரு தடவைதானே சொன்னீங்க.” ஒரு வாஷரை எடுத்து அளவு பார்த்தார். “அதுக்கு முன்னூறு தடவையா?”

“ஒரு நாளைக்கு.”

“ஒவ்வொரு தடவையும் அதுக்குப் புதுசா?”

“புதுசாத்தான்.”

அவர் கையிலிருந்த வாஷர்களைக் கீழே வைத்தார்.

“அழுதுச்சா சார்?”

“தெரியலக்கா. எழுத்துலதான் படிச்சேன்.”

“நிறுத்தச் சொல்லுங்க. நானே வந்து உக்காந்துக்கறேன். முன்னூறு காலும் நானே எடுக்கறேன். எனக்குப் பழகிடுச்சு. அதுக்குப் பழகாதே, பாவம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவைல்ல?”

திரும்பி வந்து எம்.டி.யிடம், கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஹெல்மெட்டை விட்டுவிட்டு, அக்காவை மறுபடி நாற்காலியில் உட்கார வையுங்கள் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘மாட்டேன்’ என்ற சொல் இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வாய் உலர்ந்து போகிறது. எம்.டி. கோபப்படவில்லை. “யோசிங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பேசுவோம். ஒரு நிமிஷ வேலைதான்” என்றார்.

அந்த ‘ஒரு நிமிஷம்’ எனக்கு உறைத்தது; நான் மசிவேன் என்று அவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? நித்திலாவின் மேஜைக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் என் பெயரில் ஒரு கோப்பு. தேதி, எம்.டி. என் தோளில் கை வைத்த அதே நாள். ‘நீங்க செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்வான்.’ அந்த வரி அப்படியே இருந்தது, மனசு பற்றிய பகுதியோடு.

“என் நிழல் எத்தனை தடவை இல்லைன்னுச்சு?”

“அது வேண்டாம் சார்.”

“சொல்லும்மா.”

“மூணு.”

அக்கா பதினோராயிரத்து நானூற்று ஆறு. நான் மூன்று. அதில் ஒன்றாவது இருமலாக இருந்திருக்கும்.

அந்தக் கோப்புக்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

“இது இப்ப ஓடுதா?”

தலையாட்டினாள். “கையெழுத்துக்காக. இதுவரைக்கும் ரெண்டாயிரத்து எழுபது. இன்னும் இல்லைன்னுதான் சார் சொல்லிட்டிருக்கீங்க.”

என்னைப் பற்றி நான் கேட்ட நல்ல செய்திகளில் அதுதான் பெரியது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “பரவாயில்லையே! என்ன காரணம் சொல்றேன்? நீ ஏதாவது படிச்சியா?”

“கொஞ்சம்.” நித்திலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “முதல் ஆயிரம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஜோக் அடிச்சீங்க சார். நான்கூட சிரிச்சேன். அப்புறம் ஜோக் நின்னுடுச்சு.”

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே எண் இரண்டாயிரத்து நூறைத் தாண்டியது.

பத்து மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது. என் நிழலுக்கு அது எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். கொஞ்சம் தாக்குப்பிடி என்று அதனிடம் யாராவது சொன்னால் தேவலை. வழியில்லை. அதோடு பேச அனுமதி உள்ளவர்கள் எல்லோரும், அதைச் சரி சொல்ல வைக்கத்தான் பேசுகிறார்கள்.